கம்பர் ஊர்க்காரரும் வேலூர்க் கோட்டையும்



சென்ற இதழில் வேலூர்க் கோட்டையைப் பற்றி நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். வங்கி வேலையில் நான்கு வருடம் வேலூரில் இருந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்ததும் அகழி ஓரமாக ஒரு நடை போய்வரும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நினைவுகளை எழுதும்போது, 1806 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்லும் இடத்தில், "ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பி என்ற கொடிய வெள்ளைக்காரத் தளபதி புரட்சியை நசுக்கினான்" என்று ஒரே வரியில் அவர் கதையை முடித்துவிட்டேன்.

இதழ் வந்த மறுநாளே சி பிளாக் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் மகள் வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகரில் நர்ஸாக இருக்கிறார். பக்கத்து ஊருக்குப் போனபோது எடுத்த படமாம். ஊரின் நடுச் சதுக்கத்தில் ஓர் உயரமான கல்தூண். அதன் உச்சியில் ராணுவ உடையில் ஒரு மனிதரின் சிலை. கீழே நண்பர் கேட்டிருந்தார்: "சார், நீங்க எழுதின கில்லஸ்பி இவர்தானா? அந்த ஊர்ல இவர் பெரிய ஹீரோவாமே?"

அவரேதான். ஒரே வரியில் முடித்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருடம் பேரேடு எழுதியவன் நான். ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு இருந்தே ஆக வேண்டும் என்பது பி.காம். முதல் வருடப் பாடம். அந்த இன்னொரு கணக்கையும் உங்களுக்குக் காட்டுவதற்காகவே இந்தக் கட்டுரை. எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. விட்டுப்போனதைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பெயர்

முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துத் தீவின் வடகிழக்கில் டவுன் என்று ஒரு மாவட்டம். அதில் உள்ள சிறிய ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள் அதன் பெயரை உச்சரிப்பது "கம்பர்" என்று! நம் கவிச்சக்கரவர்த்திக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்போது உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்ற ஊர்.

ராபர்ட் ரோலோ கில்லஸ்பி 1766 ஜனவரியில் அந்த ஊரில் பிறந்தார். அயர்லாந்து அப்போது இங்கிலாந்தின் பிடியில் இருந்த நாடு. 1798இல் அங்கே பெரிய கிளர்ச்சி வெடித்தது. டவுன் மாவட்டத்திலேயே பாலினாஹிஞ்ச் என்ற இடத்தில் கிளர்ச்சிக்காரர்களை ராணுவம் முறியடித்தது. 1801 முதல் அயர்லாந்துக்கு என்று தனிப் பாராளுமன்றமும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் கொடுத்ததில் அயர்லாந்தின் பங்கு மிகப் பெரியது. 1830 வாக்கில் அந்த ராணுவச் சிப்பாய்களில் 100க்கு 42 பேர் அயர்லாந்துக்காரர்கள். நம் ஊரில் கும்பினி ராணுவத்தில் சேர்ந்தவர்களைப் போலவே அங்கேயும் பலர் வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்தார்கள்.

கில்லஸ்பி அந்த வகை இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய, நிலபுலன் உள்ள குடும்பம். 17 வயதில் குதிரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். கோபக்காரர். 1787இல் துப்பாக்கி எடுத்து ஒற்றைக்கு ஒற்றை மோதிய சண்டையில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்து, மறு வருடம் விடுதலையானார்.

பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். இன்று ஹைட்டி என்று சொல்கிறோமே, அங்கே அடிமைகள் எழுந்து பிரெஞ்சு முதலாளிகளை எதிர்த்துக்கொண்டிருந்த காலம். அந்தக் குழப்பத்தில் அந்தச் சர்க்கரைத் தீவைத் தனதாக்கிக்கொள்ள பிரிட்டன் படை அனுப்பியது. சண்டையில் இறந்தவர்களைவிட மஞ்சள் காய்ச்சலில் இறந்த சிப்பாய்களே அதிகம். கில்லஸ்பி பிழைத்துத் திரும்பினார். அதன்பின் இந்தியாவுக்கு வந்து, ஆற்காட்டில் இருந்த 19ஆம் குதிரைப்படையின் தலைமையை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 40.

1806 ஜூலை 10

வேலூரில் நடந்ததைச் சென்ற இதழில் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக.

1799இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த பின் அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கும்பினியார் வேலூர்க் கோட்டை அரண்மனையில் வைத்திருந்தார்கள். கோட்டையில் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள்; வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 400க்கும் குறைவு. அந்தச் சமயத்தில் சென்னை ராணுவத் தலைமை ஒரு புது உத்தரவு போட்டது. அணிவகுப்பில் நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோலால் ஆன சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நேரத்தில் அடிவயிற்றில் கை வைத்த உத்தரவு அது.

ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் ரெஜிமென்ட்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூங்கிய இடத்திலேயே சுடப்பட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் தப்பவில்லை. சுமார் 130 பேர் அன்று செத்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அன்று காலை பான்கோர்ட்டோடு சிற்றுண்டி சாப்பிட வேலூருக்குக் கிளம்பிய கில்லஸ்பி வழியிலேயே செய்தி கேட்டார் என்று சொல்வதுண்டு. எப்படியோ, கையில் கிடைத்த குதிரை வீரர்களோடு அந்த 25 கிலோமீட்டரை அவர் பறந்து வந்தார். பீரங்கிகள் பின்னால் வந்தன. நாம் இப்போது காரில் ராணிப்பேட்டை தாண்டி அரை மணியில் கடக்கும் தூரம்தான். ஆனால் அந்தச் சில மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

காலை 9 மணி வாக்கில் அவர் கோட்டை வாசலை அடைந்தபோது, மிஞ்சியிருந்த 69ஆம் ரெஜிமென்ட்டார் சிலர் வாசலுக்கு மேலே மதில் மீது, தோட்டா தீர்ந்துபோய், ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பிராடி என்ற சார்ஜென்ட், மேற்கிந்தியத் தீவில் கில்லஸ்பியோடு இருந்தவர். வருகிறவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, நம்மைக் காப்பாற்றக் கடவுளே அனுப்பியிருக்கிறார் என்று சொன்னதாகக் கதை. மேலேயிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்துக் கில்லஸ்பி மதில் மேல் ஏறினார். தோட்டா இல்லாதவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடு முன்னால் நடத்தினார். பீரங்கி வந்து சேர்ந்ததும் கதவு உடைந்தது, குதிரைப்படை உள்ளே புகுந்தது.

அதற்குப் பின் நடந்தது போர் இல்லை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, ஒரு சுவரோரம் நிறுத்தி, சுட்டுத் தள்ளினார்கள். கதவை உடைக்கப் பீரங்கியைக் குறிவைத்த ஜான் பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அன்று மாண்ட இந்தியச் சிப்பாய்கள் எத்தனை பேர் என்பது நூலுக்கு நூல் மாறும். 350 என்பாரும் உண்டு, 800 என்பாரும் உண்டு. வெள்ளையரில் செத்தவர்களுக்கு ஆள் கணக்கு இருக்கிறது. நம்மவர்களுக்கு உத்தேசக் கணக்கு. பிறகு விசாரணை நடந்து, சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள், சிலர் தூக்கிலிடப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். கில்லஸ்பிக்கு 7,000 பகோடா சன்மானம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். புரட்சி அடங்கிய சில நாட்களிலேயே அந்தத் தலைப்பாகை உத்தரவைக் கும்பினியார் திரும்பப் பெற்றார்கள். உத்தரவு போட்ட படைத்தலைவர் கிரடாக், சென்னை கவர்னர் பெண்டிங்க் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அதாவது, சிப்பாய்கள் கேட்டது நியாயம் என்று மேலிடமே செயலில் ஒப்புக்கொண்டது. கேட்டவர்கள்தான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஜாவா வழியாக இமயமலை அடிவாரத்துக்கு

1811இல் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஜாவாவுக்குக் கப்பல்கள் கிளம்பின. அப்போது ஹாலந்து நெப்போலியன் கையில் இருந்ததால், டச்சுக்காரர்களின் ஜாவாவைப் பிடிக்க வேண்டும் என்று திட்டம். இன்றைய ஜகார்த்தாவுக்குள் இருக்கும் கார்னெலிஸ் கோட்டையை ஆகஸ்ட் 26 அன்று தாக்கியவர்களுக்கு முன்னால் நின்றவர் கில்லஸ்பி. மறு வருடம் ஜூனில் யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனையைத் தாக்கிப் பிடித்தார். அதில் கையில் குண்டடி. அரண்மனைப் பொக்கிஷத்தை அதிகாரிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அரண்மனை நூலகத்து ஓலைகளும் கையெழுத்துப் பிரதிகளும்கூடக் கப்பல் ஏறின. அவற்றில் 75 பிரதிகளை லண்டன் நூலகம் கணினியில் படம் எடுத்து 2019இல்தான் யோக்யகர்த்தாவுக்குக் கொடுத்தது. அசல் இன்னும் லண்டனில்தான்.

ஜாவாவில் கவர்னராக இருந்தவர் ராஃபிள்ஸ். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவியவர். சிங்கப்பூர் போனவர்கள் அவர் சிலையோடு படம் எடுத்திருப்பீர்கள். அவருக்கும் கில்லஸ்பிக்கும் ஒத்துப்போகவில்லை. கில்லஸ்பி அவர்மேல் புகார் எழுதிவைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். வந்து சேர்ந்த இடம் மீரட்.

நாலாபானி

1814இல் கும்பினிக்கும் நேபாளத்துக்கும் போர் மூண்டது. கில்லஸ்பி சுமார் 3,500 பேரோடு டேராடூனுக்குப் போனார். ஊருக்கு அருகே நாலாபானி என்ற குன்றின் மேல், கலுங்கா என்று ஒரு கோட்டை. கோட்டை என்றால் வேலூர் போல அகழியும் கருங்கல் மதிலும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்லும் மரமும் வைத்து அவசரமாக எழுப்பிய அரண். உள்ளே பலபத்ர குன்வர் என்ற தலைவரும் சுமார் 600 பேரும். அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு.

அக்டோபர் 31. பல பிரிவாகப் பிரிந்து, அடையாள வெடி கேட்டதும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தாக்குவது என்று ஏற்பாடு. கில்லஸ்பிக்குப் பொறுமை இல்லை. குறித்த நேரத்துக்கு முன்பே வெடியைப் போடச் சொன்னார். தொலைவில் இருந்த பிரிவுகளுக்கு அது எட்டவில்லை. முதல் தாக்குதல் தோற்றது. தன் படையில் ஒரு பகுதியினர் முன்னேறத் தயங்கியதைக் கண்டு, தானே வாளை உருவிக்கொண்டு முன்னால் ஓடினார். அரணை நெருங்கும்போது குண்டு நெஞ்சில் பாய்ந்தது. வயது 48.

விழுமுன், பக்கத்தில் இருந்த தன் மாவட்டக்காரரான அதிகாரியைப் பார்த்து, டவுனின் கௌரவத்துக்காக இன்னும் ஒரு குண்டு போடு என்று சொன்னாராம். கம்பர் ஊர்த் தூணில் அவருடைய கடைசி வார்த்தையாக அதைப் பொறித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது நான் சற்று நின்றேன். இங்கிலாந்து அரசனின் சீருடை, கும்பினியின் போர், இமயமலை அடிவாரம். அத்தனைக்கும் நடுவில் அவர் வாயில் வந்தது சொந்த மாவட்டத்தின் பெயர். வெளியூரில் விபத்தில் அடிபட்டவர் "அம்மா" என்று கத்துவதைப் போல.

கோட்டை அதற்குப் பின்னும் ஒரு மாதம் விழவில்லை. நவம்பரில் நடந்த இரண்டாவது தாக்குதலும் தோற்றது. கடைசியில் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்தார்கள். கோட்டைக்கு வெளியிலிருந்து போன தண்ணீரைக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். நவம்பர் 30 இரவு, மிஞ்சிய சுமார் 70 பேரோடு பலபத்ரர் முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். கும்பினி தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து 700க்கு மேல். உள்ளே இருந்த மொத்தப் பேரைவிட அதிகம்.

கில்லஸ்பியின் உடலை மீரட்டில் அடக்கம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போக அப்போது பல மாதம் ஆகும். அவர் இறந்தது தெரியாமலேயே 1815 ஜனவரியில் அவருக்கு "சர்" பட்டம் கொடுத்தார்கள். வேலூர்ப் புரட்சியை அடக்கியவர் உறங்கும் அதே மீரட்டில்தான், 1857 மே 10 அன்று, அடுத்த பெரிய சிப்பாய்ப் புரட்சி தொடங்கியது.

யார், யாருக்குத் தூண் வைத்தார்கள்?

இனி நண்பர் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் கில்லஸ்பிக்கு ஒரு சிலை உண்டு. பாராளுமன்றமே தீர்மானம் போட்டு வைத்தது. கம்பர் ஊர்க்காரர்கள் 30 வருடம் கழித்து, 1845 ஜூன் 24 அன்று தங்கள் தூணைத் திறந்தார்கள். 55 அடி உயரம். பல ஆயிரம் பேர் கூடினார்களாம்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே 1845 செப்டம்பரில் அயர்லாந்து வயல்களில் உருளைக்கிழங்கு நோய் தெரிய ஆரம்பித்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். ஜனங்கள் பட்டினி கிடந்தபோதும் அங்கிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. நம் நாட்டுப் பஞ்சங்களைப் படித்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை. எந்த அரசுக்காகத் தங்கள் பிள்ளை செத்தான் என்று பெருமையோடு தூண் எழுப்பினார்களோ, அந்த அரசு அந்த நாட்டை எப்படி வைத்திருந்தது என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது.

அதற்காகக் கம்பர் ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டாத தூரத்தில் செத்த தன் ஊர்ப் பையனுக்கு ஊர் கல் நடுகிறது. நம் ஊர்களில் நடுகல் இல்லையா? வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கற்கள் இன்னும் வயல்வெளியில் நிற்கின்றன. அந்த மாட்டின் சொந்தக்காரர் யார், சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று கல் சொல்லாது. இவன் எங்கள் ஆள் என்று மட்டும்தான் சொல்லும்.

என்னை யோசிக்க வைத்தவை டேராடூனில் உள்ள கல்தூண்கள். சகஸ்ரதாரா போகும் சாலையில், ரிஸ்பனா ஆற்றங்கரையில், வெள்ளையாக இரண்டு தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு மாண்டவர்களுக்கும். மற்றது பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும், எதிரியாக இருந்தாலும் வீரர்கள் என்ற மரியாதைக்காக. இரண்டையும் எழுப்பியவர்கள் ஆங்கிலேயர்களே. தன்னை 700 பேர் இழக்க வைத்த எதிரிக்குச் சமமாக ஒரு தூண்!

முதலில் படித்தபோது பெருந்தன்மை என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் வேலூர் வந்து நின்றது. அதே ஆங்கிலேயர், அதே தளபதி. வேலூரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கோட்டை அருகே கல்லறையும் நினைவுக் கல்லும் உண்டு. சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட சிப்பாய்களுக்கு ஏன் ஒரு கல்கூட இல்லை? அவர்களும் வீரத்தில் குறைந்தவர்கள் இல்லையே!

எனக்குப் பட்ட பதில் இது. கூர்க்கா, வெளியிலிருந்து வந்த எதிரி. வேலூர்ச் சிப்பாய், கும்பினியின் உப்பைத் தின்றவன். எதிரியை மதிக்கலாம், வேலைக்காரன் எதிர்த்துப் பேசினால் அவன் துரோகி. அதோடு, கூர்க்காவின் வீரம் கும்பினிக்குத் தேவைப்பட்டது. போர் முழுதாக முடியுமுன்னே, 1815லேயே, கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். நாளை நமக்காகச் சண்டை போடப் போகிறவனின் அப்பனுக்குத் தூண் வைப்பது நல்ல முதலீடு. வேலூர்ச் சிப்பாய்க்குத் தூண் வைத்தால் அடுத்த சிப்பாய்க்கு என்ன பாடம் போகும்? வங்கியில் இருந்தவன் கண்ணுக்கு இப்படித்தான் தெரிகிறது, மன்னிக்கவும்.

வேலூர்ச் சிப்பாய்களுக்கான நினைவுத் தூண், மக்கான் சிக்னலில், 1998இல்தான் எழுந்தது. 192 வருடம் ஆயிற்று. 200ஆம் ஆண்டில், 2006 ஜூலை 10 அன்று, தபால்தலையும் வந்தது. அந்தக் கணக்கு தாமதமாகவாவது பதிவாகியிருக்கிறது.

பலபத்ரருக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் பின்னாளில் பஞ்சாபுக்குப் போய் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்தார். 1823இல் நௌஷேராவில், ஆப்கானியருக்கு எதிரான போரில் இறந்தார். அவரும் சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில், இன்னொரு அரசனுக்காகத்தான் செத்தார். லாகூருக்குப் போய்ச் சிப்பாயானவர்களை வைத்து, வெளிநாட்டுப் படையில் வேலை செய்கிறவர்களை நேபாளத்தில் இன்றைக்கும் "லாஹுரே" என்கிறார்கள். டேராடூனில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு உரியவர்கள் முடிவில் ஒரே மாதிரி ஆட்களாகிவிட்டார்கள்.

நம் வீட்டு வாசலில்

இவ்வளவும் படித்து முடித்த இரவு, பத்தரை மணிக்குக் கீழே நடக்கப் போனேன். நம் பின்பக்க கேட்டில் ஏழு வருடமாக இரவுக் காவல் பார்ப்பவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் அவரைக் கூப்பிடுவது "கூர்க்கா". குழந்தைகள் "கூர்க்கா அங்கிள்". அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, நாலாபானி என்றால் தெரியுமா என்று கேட்டேன்.

எழுந்து நின்றுவிட்டார். "தெரியும் சார். பலபத்ர குன்வர். ஸ்கூல் புக்ல இருக்கு" என்றார். பலபத்ரரை நேபாளத்தின் தேசிய வீரர்களில் ஒருவராக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் மொத்தக் கதையையும் சொன்னார். "தண்ணி கட் பண்ணிட்டாங்க சார். குழந்தைங்க, லேடீஸ் எல்லாம் உள்ள. தண்ணி இல்லாமத்தான் வெளிய வந்தாங்க. தோத்து வரல." கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.

அங்கே செத்த வெள்ளைக்காரத் தளபதியின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். யாரோ ஒரு ஜெனரல் என்றார். கில்லஸ்பி எங்கள் ஊர்ப் பக்கம் வேலூரிலும் இருந்தவர் என்று நான் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கே என்ன செய்தார் என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கும் தூண் இருக்கா சார்?" என்று கேட்டார். இருக்கிறது, இப்போது இருக்கிறது என்றேன்.

திரும்பி லிஃப்டுக்கு வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. 1806இல் செத்தவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லையே என்று வருத்தப்படுகிறேன். ஏழு வருடமாக என் வீட்டைக் காக்கிறவரின் பெயர் எனக்குத் தெரியாது! மறுபடி போய்க் கேட்டேன். சொன்னார். இந்த இதழில் போடலாமா என்றதற்குக் கூச்சப்பட்டு, வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே நீங்களே ஒருநாள் இறங்கிப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அழகான பெயர்.

சி பிளாக் நண்பருக்கு என் பதில்: ஆமாம் சார், அவர்தான் இவர். அவர் ஊருக்கு அவர் வீரர். அஞ்சாதவர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. நம் ஊர்ச் சுவரோரம் செத்தவர்களுக்கு அவர் வேறு ஆள். இரண்டு பதிவும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்கக் கூடாது.

அடுத்த முறை பெங்களூர் போகும் வழியில் வேலூரில் காபிக்கு நிறுத்தினால், பத்து நிமிடம் சேர்த்து ஒதுக்குங்கள். மக்கான் சிக்னலில் உள்ள தூணையும், கோட்டை அருகே உள்ள பழைய கல்லறையையும், இரண்டையும் சேர்த்தே பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

கட்டுரையில் பிழை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். சென்ற முறை ஒருவர் கேட்டதால்தான் இந்த முறை இதை எழுத முடிந்தது.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பி பிளாக்